வழக்கம் தெரியும்வரை கதவு மூடியிருக்கும்

அந்தக் கதவில் பூட்டு மாட்டியது வேறு யாருமில்லை, நம்ம பூட்டுக்காரரேதான். இதை முதலிலேயே சொன்னால் அவருக்கு வருத்தம். சொல்லாமல் விட்டால் உங்களுக்குக் கதை புரியாது. அதனால் சொல்லிவிடுகிறேன், அவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

கதவு என்றால் வீட்டுக் கதவு இல்லை. சந்தைத் தெரு முடிகிற இடத்தில் ஒரு நீளமான மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரிச் சாலை. நடுவில் ஓர் இரும்புக் கதவு, ஒரு ஆட்டோ தாராளமாக நுழையும். அந்த வழியாகப் போனால் பிரசவ ஆஸ்பத்திரிக்கு நாலே நிமிஷம். சுற்றிப் போனால் ரயில்வே கேட்டைத் தாண்ட வேண்டும். கேட் போட்டிருந்தால் முக்கால் மணி நேரம். கேட் போடாமல் இருந்து பார்த்தவர் அந்த ஊரில் எவரும் இல்லை.

அறுபது வருஷமாக அந்த இரும்புக் கதவு திறந்தே கிடந்தது. அங்கே ஒரு கதவு இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. ஏதோ மதிலில் சாத்தி வைத்த பழைய இரும்பு என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு காலம் அது நிம்மதியாகத் திறந்து கிடந்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். நகராட்சியின் வாயில்கள் பிரிவில் அதுவரை வேலை பார்த்த ஒருத்தரும் விதிப்புத்தகத்தைப் படித்ததில்லை.

புதிதாக வந்த கண்காணிப்பாளர் படித்துத் தொலைத்தார்.

புத்தகம் பழைய இங்கிலீஷில் இருந்தது. பதினான்காம் விதி ஒரே வரி: ‘இக்கதவைத் திறப்பதும் அடைப்பதும் அதன் வோண்ட் எப்படியோ அப்படி.’ மற்ற சொற்களெல்லாம் அவருக்குப் புரிந்தன. வோண்ட் மட்டும் புரியவில்லை. தலைமை எழுத்தரைக் கேட்டார். அவர் தலையைச் சொறிந்தார். தட்டச்சரைக் கேட்டார். அந்த அம்மா, “நான் அடிக்கிறதோட சரி சார், படிக்கிறதில்ல” என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். அலுவலகத்தில் அகராதி இருந்தது. ஆனால் முதல் தொகுதி மட்டும்தான். பாதி எழுத்துகளோடு முடிந்துவிடும், டபிள்யூ வரை வராது. இரண்டாம் தொகுதி கேட்டு எழுதிய கடிதம் பதினெட்டு வருஷமாகப் பரிசீலனையில் இருந்தது. அதனால் அந்தப் பிரிவில் இங்கிலீஷின் பின்பாதி யாருக்கும் தெரியாது, தேவையும் பட்டதில்லை.

“அர்த்தம் தெரியாத ஒரு சொல்லை நம்பி ஒரு கதவைத் திறந்து வைக்க முடியாது” என்றார் கண்காணிப்பாளர். அன்றைக்கே ‘அர்த்தம் தெரியும்வரை இக்கதவு மூடியிருக்கும்’ என்று பலகை எழுதி மாட்டினார்கள். பூட்டுக்காரருக்கு ஆள் அனுப்பினார்கள்.

அரசாங்க வேலை என்றதும் பூட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. இருப்பதிலேயே கெட்டியான அஞ்சு லீவர் பூட்டாகப் பார்த்து எடுத்து, எண்ணெய் போட்டு, கதவில் மாட்டி, சாவியைக் கண்காணிப்பாளர் கையில் கொடுத்தார். “சார், இதை உடைக்கணும்னா மதிலைத்தான் உடைக்கணும்” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார்.

வீட்டில் அவருடைய ஒரே மகள், எட்டு மாத வயிற்றோடு, வீங்கின காலை முக்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை லாரி ஓட்டுகிறவர். பத்து நாளைக்கு ஒரு தடவை தலையைக் காட்டுவார். டாக்டரம்மா போன வாரம்தான் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்: ரத்த அழுத்தம் கூடுதலாக இருக்கிறது, வலி எடுத்தால் பத்து நிமிஷத்தில் இங்கே இருக்க வேண்டும், சாவகாசமாகக் கிளம்பி வரக்கூடாது.

பூட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்தபடியே பூட்டின் பெருமையைப் பேசினார். லீவர் பெருமை, நாக்குப் பெருமை, எண்ணெய்ப் பெருமை எல்லாம் முடிந்த பிறகு மகள் மெதுவாகக் கேட்டாள்.

“எந்தக் கதவுப்பா?”

“சந்தைத் தெரு கடைசியில ஒரு இரும்புக் கதவு இருக்குல்ல, அது.”

அவர் மனைவி கரண்டியைக் கீழே வைத்தார். “என்னங்க, நாம ஆஸ்பத்திரிக்கு எந்த வழியாப் போவோம்?”

பூட்டுக்காரரின் கை சோற்றிலேயே நின்றது. நம்ம தலையில் நாமே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கு அவர் அதற்கு மேல் சாப்பிடவில்லை.

“பூட்டத் தெரிஞ்ச கைக்குத் திறக்கத் தெரியாதா? போய்த் திறந்துட்டு வாங்க” என்றார் மனைவி.

“விளையாடறியா? கேக்காம ஒரு பூட்டத் தொட்டா லைசென்ஸ் போயிடும். அதுவும் அரசாங்கப் பூட்டு. உள்ள உக்காந்து கம்பி எண்ணணும்.”

“அப்ப போய்க் கேளுங்க. ஒரு சொல்லுக்கு அர்த்தம்தானே, கேட்டுச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?”

பாவம், அந்த அம்மா அதுவரை ஒரு அலுவலகத்துக்கும் போனதில்லை.

மகள் அதற்குள் போனைத் தட்டினாள். “வந்துடுச்சுப்பா. வோண்ட்னா வழக்கம். அவ்வளவுதான். பழைய சொல்லாம், இப்ப யாரும் அதிகமாப் பயன்படுத்தறதில்லயாம்.”

பூட்டுக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மறுநாள் காலை, அலுவலகம் திறக்கிறதற்கு முன்பே போய் நின்றார். கண்காணிப்பாளர் வந்ததும் ஒரே மூச்சில் சொன்னார்: “சார், கண்டுபிடிச்சாச்சு. வோண்ட்னா வழக்கம். திறந்துடலாம் சார்.”

“யார் சொன்னது?”

“போன்ல வந்துச்சு சார்.”

கண்காணிப்பாளர் அவரை ஒரு குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார். “போன் சொல்றது போனோட கருத்து. உங்களுக்கு அது போதும். ஒரு அலுவலகத்துக்கு அலுவலக அர்த்தம் வேணும். சீல் வச்சு, கையெழுத்துப் போட்டு, ஃபைல்ல இருக்கணும். நாளைக்கு அந்தச் சொல்லுக்கு வேற அர்த்தம் வந்துட்டா, போனா வந்து பதில் சொல்லும்?”

பூட்டுக்காரர் மகளின் நிலைமையைச் சொன்னார். டாக்டரம்மா சொன்னதையும் சொன்னார். கண்காணிப்பாளர் கெட்ட மனுஷன் இல்லை, உண்மையிலேயே வருத்தப்பட்டார். “பிரசவத் தேதி எப்ப?” என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். “அதுக்குள்ள ஒரு கமிட்டி போட்டுடலாம்” என்று ஆறுதல் சொல்லி அனுப்பினார்.

கமிட்டி போட ஒன்பது நாள் ஆனது. இதற்கிடையில் கதவுக்கு ஒரு காவலாளியை நியமித்தார்கள். அவருக்கு ஒரு நாற்காலி, ஒரு குடை, ஒரு தடிமனான பதிவேடு. மணிக்கு ஒரு தடவை கதவைப் பார்த்து, ‘மூடியிருந்தது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நல்ல கையெழுத்து அவருக்கு. ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. பூட்டிய கதவு எங்கே போய்விடப் போகிறது என்று பூட்டுக்காரர் கேட்டதற்கு, “எனக்கென்ன தெரியும்ண்ணே, பாத்து எழுதச் சொன்னாங்க, பாத்து எழுதறேன்” என்றார்.

முதல் கூட்டத்துக்குப் பூட்டுக்காரரையும் கூப்பிட்டார்கள், ‘சம்பந்தப்பட்ட தரப்பு’ என்று. ஒன்பது பேருக்கு நாற்காலி, அவருக்கு மட்டும் முதுகில்லாத ஸ்டூல். கண்காணிப்பாளர் எழுந்து பேசினார்.

“ஒரு விஷயத்த நான் பெருமையாச் சொல்லிக்கணும். அறுபது வருஷமா இந்தக் கதவு சம்பந்தமா நம்ம பிரிவுக்கு ஒரு புகார்கூட வந்ததில்ல. நான் பொறுப்பேத்து ஒரு மாசம் ஆகல, முன்னூத்தி இருபது புகார் வந்துருக்கு. மக்களுக்கு நம்ம மேல எவ்வளவு நம்பிக்கை வந்துருக்குன்னு இதுலேருந்தே தெரியுது.”

எல்லாரும் கை தட்டினார்கள். முன்னூற்று இருபதில் பதினொன்று தன்னுடையது என்பதால் பூட்டுக்காரரும் லேசாகத் தட்டினார்.

அப்புறம் சொல்லுக்கு அர்த்தம் சொல்ல, ஓய்வு பெற்ற இங்கிலீஷ் பேராசிரியரை மேடையேற்றினார்கள். மனுஷன் முப்பது வருஷமாக யாரும் கேட்காத கேள்வியை யாரோ கேட்டுவிட்ட சந்தோஷத்தில் இருந்தார். வோண்டின் பிறப்பு, வளர்ப்பு, அது பெயர்ச்சொல்லாக வரும் இடம், பெயரடையாக வரும் இடம், எல்லாவற்றையும் பிடித்து விளாசினார். “இந்தச் சொல் இன்னைக்குத் தனியா நடமாடறதில்ல. ‘அவர் வோண்ட்படி’ன்னு வரும். உதாரணத்துக்கு: பேராசிரியர் தமது வோண்ட்படி பதினோரு மணிக்கு டீ குடித்தார்.”

டீ வந்தது.

“பெயரடைக்கு உதாரணம்: பேராசிரியர் டீயோடு ரெண்டு பிஸ்கட் தின்ன வோண்ட் ஆனவர்.”

பிஸ்கட் வந்தது. இப்படியே ஏழு உதாரணம் சொன்னார். கடைசி உதாரணத்தில் அவரை வீட்டில் கொண்டுபோய் விட அலுவலக வண்டி வந்தது.

கிளம்பும்போது, “மொத்தத்துல வோண்ட்னா வழக்கம்” என்றார்.

பூட்டுக்காரர் ஸ்டூலிலிருந்து துள்ளி எழுந்தார். “அப்ப வழக்கம்போலத் திறந்துடலாம்ல சார்!”

“உக்காருங்க, உக்காருங்க” என்றார் கண்காணிப்பாளர். “வழக்கம்னு தெரிஞ்சாச்சு. என்ன வழக்கம்னு தெரிய வேணாமா? பதிவேட்டக் கொண்டாங்க.”

காவலாளியின் பதிவேடு வந்தது. கண்காணிப்பாளர் பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டினார். ‘மூடியிருந்தது’ என்று நூற்றுப் பத்து பதிவு. ‘திறந்திருந்தது’ என்று ஒன்றுகூட இல்லை.

“இதுலேருந்து என்ன தெரியுது? இந்தக் கதவோட வழக்கம் மூடியிருக்கிறது.”

பூட்டுக்காரர் பதறினார். “ஐயோ சார்! அறுபது வருஷமாத் திறந்து கிடந்துச்சே! ஊருக்கே தெரியுமே!”

“பதிவு இருக்கா?”

“திறந்து கிடக்குறத யாராவது எழுதி வைப்பாங்களா சார்?”

“அதத்தான் நானும் சொல்றேன்” என்றார் கண்காணிப்பாளர், மிகவும் பொறுமையாக.

வண்டியில் ஏறப் போன பேராசிரியருக்கு மனசு கேட்கவில்லை. வெளியிலிருந்து ஜன்னல் வழியாகத் தலையை உள்ளே நீட்டினார். “ஒரு தடவை நடந்தா அது சம்பவம். ரெண்டு தடவைன்னா தற்செயல். ஒரே மாதிரி மூணு தடவை நடந்து பதிவாச்சுன்னா, அது வழக்கம். இது என்னோட அபிப்பிராயம்.” அந்த அபிப்பிராயத்தையும் தீர்மானமாக எழுதிக்கொண்டார்கள். ஆனால் மூன்று தடவை திறந்தால்தான் வழக்கம், வழக்கம் இருந்தால்தான் திறக்கலாம். இந்த இடத்தில் கூட்டம் மதியச் சாப்பாட்டுக்குக் கலைந்தது.

அன்று சாயந்திரம் பூட்டுக்காரர் வீட்டுக்கு வந்து மூலையில் உட்கார்ந்தார். மகள்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “விடுப்பா. சுத்தியே போயிக்கலாம்.” அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அவள் பயந்துபோயிருந்தது அவருக்குத் தெரிந்தது. சின்ன வயதில் ஊசி போடப் போகும்போது இப்படித்தான் சிரிப்பாள். அந்தப் பூட்டை விற்ற கடைக்காரன், செய்த கம்பெனி, அதைத் தூக்கிக்கொண்டு ஓடிய தன் கால், எல்லாவற்றையும் மனசுக்குள் வைது தீர்த்தார் பூட்டுக்காரர்.

அடுத்த மூன்று வாரம் அவர் அலுவலகத்துக்கு நடந்த நடைக்குச் செருப்பு தேய்ந்தது. ‘கதவை நேரில் பார்வையிடாமல் முடிவெடுக்க இயலாது’ என்று ஒரு கடிதம் வந்தது. பார்வையிட ஒரு வியாழக்கிழமையைக் குறித்தார்கள். ஒன்பது பேரும், பேராசிரியரும், சாவி வைத்த அரக்கு முத்திரை உறையுமாக, காலை பதினோரு மணிக்குச் சந்தைத் தெருவுக்கு வந்து இறங்கினார்கள். நாற்காலி போட்டார்கள். பேராசிரியருக்கு டீ வந்தது. பூட்டுக்காரர் கைகட்டி ஓரமாக நின்றார்.

ஒரு உறுப்பினர் கதவைத் தட்டிப் பார்த்தார். “இரும்புதான்” என்றார். எழுதிக்கொண்டார்கள்.

அப்போதுதான் தெருக்கோடியிலிருந்து ஒரு ஆட்டோ ஹாரனை விடாமல் அமுக்கிக்கொண்டு வந்தது. உள்ளே மகள், முகமெல்லாம் வேர்த்து, உதட்டைக் கடித்துக்கொண்டு. பக்கத்தில் மனைவி. “என்னங்க! ரயில்வே கேட் போட்டுட்டான்! கூட்ஸ் வண்டி, நகரவே மாட்டேங்குது! கதவத் திறக்கச் சொல்லுங்க!”

பூட்டுக்காரர் கண்காணிப்பாளரிடம் ஓடினார். “சார், சாவி சார், சீக்கிரம்!”

கண்காணிப்பாளரின் கை உண்மையிலேயே உறையை நோக்கிப் போனது. பாதி வழியில் நின்றது. “மூணு பேர் கையெழுத்து இல்லாம முத்திரைய உடைக்க முடியாது. அதுல ஒருத்தர் மேலதிகாரி ஆபீஸ்ல, இன்னைக்கு லீவு.” அவர் முகம் அழுகிற மாதிரி ஆகிவிட்டது. “தீர்மானமும் இன்னும் முடியல. கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுங்க.”

“யார, குழந்தையையா?” என்று ஆட்டோவிலிருந்து மனைவி கத்தினார்.

“அப்பா...” என்றாள் மகள். அவ்வளவுதான்.

லைசென்ஸாவது மண்ணாங்கட்டியாவது! மகள் தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவினார் பூட்டுக்காரர். கதவு முன்னால் முட்டி போட்டார். ஒன்பது பேரும் பார்த்துக்கொண்டே இருக்க, பேராசிரியர் டீயை ஒரு வாய் உறிஞ்சி முழுங்குவதற்குள், மதிலை உடைத்தால்தான் உடையும் என்று சொன்ன அந்த அஞ்சு லீவர் பூட்டு ‘க்ளிக்’ என்றது. இவ்வளவு சுலபமாகத் திறந்துவிட்டதே என்ற வெட்கம் அவருக்கு இன்றைக்கும் உண்டு. கதவைத் தோளால் தள்ளினார். ஆட்டோ பாய்ந்து போனது. இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

நாலு நிமிஷம். டாக்டரம்மா வாசலிலேயே நின்றிருந்தார். ஒரு மணி நேரம் கழித்து நர்ஸ் வந்து, “பேத்தி. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. இன்னும் அரை மணி லேட்டாயிருந்தா சொல்றதுக்கில்ல” என்றதும், பூட்டுக்காரர் அந்த வராந்தாவிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். மனைவி, “அழாதீங்க, பாக்கறாங்க” என்று சொல்லிக்கொண்டே தானும் அழுதார்.

மதிலுக்கு இந்தப் பக்கம் அதே நேரத்தில் பெரிய குழப்பம். அரசாங்கப் பூட்டு, அதிகாரிகள் கண் முன்னால், ஹேர்பின்னால்! போலீசைக் கூப்பிடலாம் என்றார் ஒருவர். பேராசிரியர்தான் கையை உயர்த்தினார். “இது குற்றம் இல்ல. இது முதல் பயன்பாடு!”

கண்காணிப்பாளரின் முகம் பளிச்சென்று மலர்ந்தது. காவலாளி பதிவேட்டில் முதன்முறையாக வேறு வார்த்தை எழுதினார்: ‘திறந்தது. காரணம்: பிரசவ வலி.’ கண்காணிப்பாளர் நாற்காலி மேல் ஏறி நின்று பேசினார். “நண்பர்களே, இன்னைக்கு நம்ம கண் முன்னாடி ஒரு வழக்கம் பிறக்க ஆரம்பிச்சிருக்கு. இன்னும் ரெண்டே ரெண்டு தடவை. இதே மாதிரி. ஒரு மாற்றமும் இருக்கக் கூடாது.”

அதுவரைக்கும் சாவி காவலாளியிடம் இருக்கும் என்று முடிவானது. எட்டாம் நாள், சந்தைத் தெரு டீச்சர் வலியோடு வந்தார். அது இரண்டாவது. மூன்றாவதாக வந்தவர் மளிகைக் கடைக்காரர். அவருக்கு எதைத் தின்றதாலோ வயிற்று வலி, அலறிக்கொண்டு வந்தார். வயிறும் நல்ல பெரிய வயிறு. காவலாளி யோசித்துப் பார்த்தார். ஒரு மாற்றமும் இருக்கக் கூடாது என்பது உத்தரவு. ‘பிரசவ வலி’ என்றே எழுதிக் கதவைத் திறந்துவிட்டார்.

அத்தோடு வழக்கம் உறுதியானது. அரசாணை வந்தது. பழைய பலகையை எடுத்துவிட்டுப் புதுப் பலகை மாட்டினார்கள்: ‘பிரசவ வலியுடன் வருபவர்களுக்கு இக்கதவு வழக்கப்படி திறக்கப்படும்.’

ஊர் சும்மா இருக்குமா? மறுநாள் காலையில் பால்காரர் சைக்கிளை நிறுத்தி, இடுப்பில் கை வைத்து, “அம்மா...” என்றார். காவலாளி எழுதினார். கதவு திறந்தது. தபால்காரர் தினம் ரெண்டு தடவை வலியோடு வந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக நின்று கோரஸாக முனகினார்கள். எழுபது வயது ரிட்டையர்டு ராணுவக்காரர் முதல் வாரம் முழுக்க மானம் பார்த்துச் சுற்றியே போனார். இரண்டாவது வாரம் அவரும் மீசையைத் துடைத்துக்கொண்டு வந்து முனகினார். வருஷக் கடைசியில் அந்த ஊரின் பிரசவக் கணக்கைப் பார்த்து மேலதிகாரிகள் அசந்து போனார்கள். வாயில்கள் பிரிவுக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். கூடவே அகராதியின் இரண்டாம் தொகுதியும் வந்து சேர்ந்தது. அதை இன்னும் யாரும் பிரிக்கவில்லை.

இதெல்லாம் போகட்டும். நேற்றுக் காலை நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். பூட்டுக்காரர் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு தடுப்பூசிக்குப் போனார். கதவுப் பக்கம் வந்தால், அங்கே கண்காணிப்பாளர் நின்றுகொண்டிருக்கிறார், கக்கத்தில் ஃபைலோடு, வேர்த்து வழிய. ஆஸ்பத்திரிச் சாலையில் இருக்கிற மேலதிகாரி ஆபீசில் பத்து மணிக்குக் கூட்டம். ரயில்வே கேட்டில் கூட்ஸ் வண்டி நிற்கிறது.

“கதவத் திறப்பா” என்றார் கண்காணிப்பாளர்.

காவலாளி மரியாதையாக எழுந்து நின்றார். பதிவேட்டை விரித்தார். பேனா மூடியைக் கழற்றினார்.

“எத்தனையாவது மாசம் சார்?”

கண்காணிப்பாளர் காவலாளியைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். அதன் கீழே இருந்த தன் கையெழுத்தைப் பார்த்தார். மணியைப் பார்த்தார். கக்கத்தில் இருந்த ஃபைலை எடுத்து மெதுவாக வயிற்றில் வைத்துக்கொண்டார்.

“ஒன்பது” என்றார்.

“வலி சார்?”

அவர் தொண்டைக்குள் ஏதோ முனகினார்.

“கொஞ்சம் சத்தமா சார், எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க.”

பூட்டுக்காரர் தோளில் இருந்த பேத்தி பொக்கை வாயைத் திறந்து சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு, “நல்லா மூச்ச இழுத்து விடுங்க சார், சுலபமா இருக்கும்” என்றார்.

கண்காணிப்பாளர் கண்ணை மூடிக்கொண்டு, சந்தைத் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி, “அம்மா!” என்று அலறினார்.

கதவு வழக்கம்போல் திறந்தது.